ஒரு கரண்டிக் கஞ்சி

லோயர் கேம்ப்பில் நான் பஸ் ஏறும்போது
அணைத் தண்ணீர் பெரிய குழாய்களில்
எதிரே இறங்கிக்கொண்டிருக்கும்.
அது கம்பத்துக்கு வேலைக்குப் போகிறது,
நான் குமுளிக்கு.

செக்போஸ்ட் தாண்டி இருபதாவது கடை, ஷிபிச்சனுடையது.
புலி பார்க்க வந்து
மழை பார்த்துத் திரும்புகிறவர்களுக்கு
பாஸ்தாவும் உண்டென்று ஒரு நாள்
அட்டையில் எழுதி மாட்டிவிட்டார்.
பொட்டலத்தை என் கையில் தந்து
"சேமியா மாதிரிதான் சேச்சி" என்றார்.

சேமியா மாதிரி இல்லை.

முதல் நாள், சின்னக் குண்டானில்
இரண்டு சொம்புத் தண்ணீர்.
ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில்
பதினெட்டுப் பெண்கள் போல
தோளோடு தோள் ஒட்டி
அசைய இடமில்லாமல் வெந்தது.
ஒட்டாதிருக்க எண்ணெய் விட்டேன்.
எண்ணெய் மேலேயே மிதந்தது;
வடிக்கும்போது இறங்கி
எல்லாவற்றிலும் பூசிக்கொண்டது.
பிறகு தக்காளிச் சாறு பிடிக்கவே இல்லை.
சேம்பிலையில் விழுந்த மழையாக வழுக்கித்
தட்டோரத்தில் தனியாக நின்றது.

உப்பைக் கடைசியில் தூவினேன்.
நாக்குக்கு உப்பு,
பல்லுக்குச் சப்பு.

பொட்டலத்தில் ஒன்பது நிமிடம் என்றிருந்தது.
எந்த ஊர் ஒன்பது?
இந்த மேட்டில் தண்ணீர் அவசரக்காரி.
சூடு முழுதாக ஏறுமுன்
கொதித்துக் காட்டிவிடுவாள்.
ஒன்பதில் எடுத்துக் கடித்தால்
நடுவில் சுண்ணாம்புப் புள்ளி.
பயந்துபோய்ப் பத்தொன்பது விட்டேன்,
குழாயடியில் நிறுத்திக் குளிப்பாட்டியும் எடுத்தேன்.
ஏழாம் மேசைக் கொல்லத்துக்காரர்
முள்கரண்டியில் நிற்காததைக்
கரண்டியில் அள்ளிப் பார்த்து
"இது பாயசமாணோ?" என்றார்.
கேலி இல்லை, மரியாதையாகவே கேட்டார்.

கொட்ட மனசில்லை.
தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டேன்.
கடை சாத்துகிற நேரம்
காய்ந்த தோசைக்கல்லில் கொட்டி
பூண்டு, மிளகு, கறிவேப்பிலை, இரண்டு முட்டை,
பரோட்டாக் கரண்டி இரண்டாலும் ஒரு கொத்து.
ஓரமெல்லாம் முறுகிக்கொண்டது.
ஷிபிச்சன் நின்றபடியே தின்றார்.
மறுநாள் அட்டையில் புது வரி:
பார்டர் கொத்து, நூற்றிருபது ரூபாய்.

ஆனால் எனக்கு அந்தப் பாயசம் உறுத்தியது.
கப்பை அவிக்கிற பானையை இழுத்தேன்.
தண்ணீர் தளதளத்ததும் கை நிறைய உப்பு.
எண்ணெய்ப் பாட்டிலை அலமாரியில் ஏற்றினேன்.
போட்டவுடன் கிண்டவேண்டும்,
முதல் இரண்டு நிமிடத்தில்தான்
எல்லாம் உறவு பிடிக்கிறது.
கடிகாரத்தை நம்பாமல்
ஒவ்வொன்றாய் எடுத்துக் கடித்தேன்.
பல் "இன்னும்" என்று சொல்லி முடிக்குமுன்
வடித்துவிடவேண்டும்;
மிச்சத்தைச் சாறு பார்த்துக்கொள்ளும்.
சாறுதான் அடுப்பில் காத்திருக்கவேண்டும்,
அது காத்திருக்காது.
இருபத்தேழு வருடமாய்க் கஞ்சி வடிக்கிறேன்,
வேட்டி சேலைக்கெல்லாம் விறைப்பேற்றியிருக்கிறேன்,
இந்தக் கஞ்சியை மட்டும்
ஏன் சாக்கடைக்குக் கொடுத்தேன்?
ஒரு கரண்டி எடுத்துத் தக்காளியில் விட,
வழுக்கினது அத்தனையும்
தோலாய்ப் பற்றிக்கொண்டது.

இப்போது தவறாமல் வருகிறது.
யாரும் கேட்பதில்லை.

நேற்று பதினொரு பார்டர் கொத்து.
அதற்கென்று தினமும் மூன்று மணிக்கு
சின்னக் குண்டானில் குறைந்த தண்ணீர் வைத்து
பத்தொன்பது நிமிடம் அலாரம் போட்டு
அதே பிழையைப்
பிழையில்லாமல் செய்கிறேன்.

இரவு ஷட்டர் பாதி இறங்கிய பின்
எனக்கென்று ஒரு பிடி.
டப்பாவில் போட்டால் வீட்டுக்குப் போகுமுன்
வளைவு வளைவாகக் குழைந்துவிடும்,
அதனால் அடுப்படியிலேயே, நின்றுகொண்டே.
பல்லில் சின்னதாக ஒரு மறுப்பு.

எல்லையில் கண்டக்டர் விசில் அடிக்கிறார்.
அடிக்கட்டும்.